நெஞ்சுக்குள் ஒரு கம்பி வலை!

எழுதுகிற பேனாவைக் கழற்றினால் உள்ளே சின்னதாக ஒரு சுருள் கம்பி இருக்கும். பார்ப்பதற்கு ஏறக்குறைய அதைப் போலத்தான் இருக்கும் இதுவும். நீளம் பெரும்பாலும் ஓர் அங்குலத்தை ஒட்டித்தான். விரிந்த பிறகு அகலம் 3 மில்லிமீட்டர். கையில் வைத்தால் கனமே தெரியாது.

இதன் பெயர் "ஸ்டென்ட்". வலைக்குழாய் என்று தமிழில் சொல்லலாம்.

தெருவுக்கு ஒருவர், இருவர் இன்று இதை நெஞ்சில் சுமந்துகொண்டு நடக்கிறார்கள். "அப்பாவுக்கு இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கிறது" என்று வீடுகளில் சாதாரணமாகப் பேசிக்கொள்கிறார்கள். அந்தக் கம்பியின் மேல் மருந்து பூசி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அந்த மருந்து எந்த மண்ணில் கிடைத்தது என்பது அநேகமாக யாருக்கும் தெரியாது. அந்த மருந்துப் பூச்சு இருப்பதால், மாத்திரையை ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட வேண்டும் என்பதோ, தெரிந்தவர்களுக்கும் சில மாதங்களில் மறந்து போகிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

அடைப்பு வருவது எப்படி?

இருதயம் ரத்தத்தை இறைக்கும் பம்பு. ஊருக்கெல்லாம் தண்ணீர் இறைக்கும் பம்புக்கும் எண்ணெய் வேண்டும் அல்லவா? அதைப் போல இருதயத்துக்கும் ரத்தம் வேண்டும். அதற்கென்று தனியாக ரத்தக்குழாய்கள் இருக்கின்றன.

வாய்க்காலில் வண்டல் படிவது போல் இந்தக் குழாய்களின் சுவரில் கொழுப்பு படிகிறது. பீடி, சிகரெட், நீரிழிவு, ரத்தக் கொதிப்பு இவை எல்லாம் அதை வேகப்படுத்துகின்றன. பாதை குறுகுகிறது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது. படிந்த கொழுப்பு ஒரு நாள் வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைந்துவிட்டால், பாதை அடியோடு அடைத்துக்கொள்கிறது. அதுதான் மாரடைப்பு.

காலை வெட்டாதீர்கள்!

அடைப்பை எடுக்க, உடம்பைக் கிழிக்காமல் வழி உண்டா?

1964-ம் ஆண்டு ஜனவரி மாதம். அமெரிக்காவில் போர்ட்லண்டு நகர ஆஸ்பத்திரி. 82 வயதுக் கிழவி ஒருத்தியைக் கொண்டு வந்தார்கள். காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்து, கால் அழுகத் தொடங்கி இருந்தது. "காலை வெட்டியே தீர வேண்டும்" என்றார்கள் டாக்டர்கள். "வெட்ட விடமாட்டேன்" என்றாள் கிழவி.

அங்கே சார்லஸ் டாட்டர் என்று ஒரு டாக்டர். அவர் மெல்லிய குழாய் ஒன்றை ரத்தக்குழாய்க்குள் நுழைத்தார். அதைவிடக் கொஞ்சம் பெரிய குழாயை அதன் மேல் நுழைத்தார். அடைப்பு விலகிப் பாதை திறந்தது. கால் சூடேறியது. புண் ஆறியது. இரண்டரை ஆண்டு கழித்துச் சாகும்வரை அந்தக் கிழவி தன் காலால்தான் நடந்தாள்.

உலகத்தில் இந்தச் சிகிச்சைக்கு ஆரம்பம் இதுதான். அமெரிக்க டாக்டர்கள் பலர் டாட்டரைக் கேலி செய்தார்கள். ஐரோப்பாவில் சிலர் கேலி செய்யவில்லை, கற்றுக்கொண்டார்கள்.

சமையல் அறையில் செய்த பலூன்

அப்படிக் கற்றவர்களில் ஒருவர் கிருன்ட்ஸிக். ஜெர்மன் டாக்டர். சுவிட்சர்லாந்தில் ஜூரிச் நகரில் வேலை பார்த்தார். பகலில் ஆஸ்பத்திரி. ராத்திரி வீட்டுச் சமையல் அறை மேஜையில் பிளாஸ்டிக் குழாய், கத்தரி, பசை இவற்றோடு உட்கார்ந்துவிடுவார். மெல்லிய குழாயின் நுனியில் சின்ன பலூன் ஒன்றை ஒட்டினார். அடைப்பு இருக்கும் இடத்தில் அதை ஊதினால், கொழுப்பு சுவரோடு அமுங்கிப் பாதை விரியும். இதுதான் அவர் எண்ணம்.

1977-ம் ஆண்டு செப்டம்பர் 16-ந் தேதி, 38 வயது ஆள் ஒருவருக்கு இருதயக் குழாயில் முதன்முதலாக இதைச் செய்தார். நோயாளி விழித்துக்கொண்டே இருந்தார். நெஞ்சு வலி போயிற்று. அந்த நோயாளி பிறகு பல பத்து ஆண்டுகள் வாழ்ந்தார். கிருன்ட்ஸிக்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1985-ல் தன் விமானத்தைத் தானே ஓட்டிப் போகையில் அது விழுந்து நொறுங்கி இறந்தார். அப்போது வயது 46.

அவரிடம் பயிற்சி பெற்றவர்களில் ஒருவர் மாத்யூ சாமுவேல் களரிக்கல். அவர் 1986-ல் சென்னையில் இந்தச் சிகிச்சையைச் செய்தார். பிறகு நாடு முழுவதும் டாக்டர்களுக்குக் கற்றுக் கொடுத்தார். 2025-ல் காலமானார்.

முட்டுக்கொடுத்த வலை

பலூனில் ஒரு தொல்லை இருந்தது. பலூனை எடுத்ததும் சில குழாய்கள் மறுபடி சுருங்கின. 100 பேரில் 30 பேருக்குமேல், சில மாதங்களில் மீண்டும் அடைத்துக்கொண்டது.

சரியும் கிணற்றுச் சுவருக்கு உறை இறக்குவது போல, குழாய்க்கு உள்ளே முட்டுக்கொடுத்தால் என்ன? அர்ஜென்டினாவில் பிறந்த ஜூலியோ பால்மாஸ் என்ற டாக்டர் இதையே யோசித்துக்கொண்டு இருந்தார். வீட்டு மோட்டார் கொட்டகையில் ஒரு நாள் அவர் கண்ணில் ஓர் உலோக வலைத் தகடு பட்டது. சுவருக்குச் சாந்து பூசும்போது வைக்கிற தகடு. கட்டிட ஆட்கள் விட்டுச் சென்றது. இழுத்தால் அதன் கண்கள் விரிந்தன. விரிந்தபடியே நின்றன. வழி கிடைத்துவிட்டது! ஆராய்ச்சிக்குப் பணம் இல்லை. ஓட்டல் முதலாளி ஒருவர் இரண்டரை லட்சம் டாலர் போட்டார். அவர் பிற்பாடு பெரும் பணக்காரர் ஆனார்.

அதற்குள் சுவிட்சர்லாந்தில் வேறு ஒரு வகைக் கம்பி வலை தயாராகிவிட்டது. 1986-ம் ஆண்டு மார்ச் 28-ந் தேதி, பிரான்சு நாட்டில் துலூஸ் நகரில் ஜாக் புவெல் என்ற டாக்டர் மனித இருதயத்தில் முதல் ஸ்டென்டை வைத்தார்.

ஸ்டென்ட் என்பது லண்டனில் வாழ்ந்த பல் வைத்தியர் ஒருவரின் பெயர். பல் அச்சு எடுக்க ஒரு மெழுகுக் கலவை கண்டுபிடித்தார். இருதயத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெயர் மட்டும் சுற்றி வளைத்து இங்கே வந்து ஒட்டிக்கொண்டது.

இந்தியாவிலும் முயற்சி நடந்தது. ராக்கெட் விஞ்ஞானி அப்துல் கலாமும் ஐதராபாத் இருதய டாக்டர் சோமராஜுவும் 1990-களில் குறைந்த விலையில் ஒரு ஸ்டென்ட் செய்தார்கள். "கலாம்–ராஜு ஸ்டென்ட்" என்று பெயர். அது வெறும் உலோகம். மருந்து கிடையாது.

உடம்பே எதிரி!

வெறும் கம்பி வைத்தும் 100 பேரில் 20 முதல் 30 பேருக்கு மீண்டும் அடைத்தது. இந்த முறை அடைத்தது கொழுப்பு அல்ல. சதை!

கையில் காயம் பட்டால் தழும்பு ஏறுகிறது. சிலருக்குத் தடித்துப் போகிறது. ரத்தக்குழாய்க்குள் பலூனை ஊதிக் கம்பியைப் பதித்தால் அதுவும் காயம்தான். உடம்பு அதை ஆற்றப் பார்க்கிறது. குழாய்ச் சுவரில் உள்ள தசை உயிரணுக்கள் பெருகுகின்றன. கம்பியின் கண்களுக்கு இடையே புகுந்து வளர்ந்து வழியை மூடிவிடுகின்றன.

இதைத் தடுக்க, வளர்ச்சியை நிறுத்தும் மருந்து வேண்டும். உடம்பு முழுவதும் போகக்கூடாது. அந்த ஓர் அங்குல இடத்தில் மட்டும், சில மாதம் மட்டும் வேலை செய்ய வேண்டும். அப்படி ஒரு மருந்து எங்கே இருக்கிறது?

ஒரு வீட்டு ஐஸ் பெட்டியில் இருந்தது!

சிலைத் தீவின் மண்

பசிபிக் மகா சமுத்திரத்தில் தன்னந்தனியாக ஒரு தீவு. பெயர் ஈஸ்டர் தீவு. அந்த ஊர் மக்கள் "ராப்பா நூயி" என்பார்கள். பிரம்மாண்டமான கல் சிலைகள் வரிசையாக நிற்கும் தீவு. 1964-ல் கனடா நாட்டு ஆராய்ச்சிக் குழு ஒன்று கப்பலில் அங்கே போயிற்று. குழுவினர் தீவின் பல பகுதிகளிலும் மண் எடுத்து, சிறிய குப்பிகளில் அடைத்துக் கொண்டு வந்தார்கள்.

அந்த மண் கனடாவில் மான்ட்ரியல் நகரில் உள்ள மருந்துக் கம்பெனிக்குப் போனது. அங்கே வேலை பார்த்தவர் சுரேந்திரநாத் சேகல். பிரிவினைக்கு முந்திய பஞ்சாபில் பிறந்தவர். காசி இந்து பல்கலைக்கழகத்தில் மருந்து விஞ்ஞானம் படித்தவர். பிறகு இங்கிலாந்தில் டாக்டர் பட்டம் பெற்றவர்.

சேகலும் அவருடைய கூட்டாளிகளும் அந்த மண்ணில் வாழும் ஒரு கிருமியில் இருந்து புதிய மருந்து ஒன்றைப் பிரித்தார்கள். தீவின் பெயரைச் சேர்த்து "ராப்பாமைசின்" என்று பெயர் வைத்தார்கள். காளான் நோய்க்கு ஆகும் என்று நினைத்தார்கள். வளரும் உயிரணுக்களை அது தடுத்து நிறுத்துவதையும் சேகல் கண்டார். "இதை விடக்கூடாது" என்று அவருக்குப் பட்டது. கம்பெனிக்கு அப்படிப் படவில்லை.

1980-களின் தொடக்கத்தில் மான்ட்ரியல் ஆராய்ச்சி சாலையை மூடினார்கள். ராப்பாமைசின் வேலை நிறுத்தப்பட்டது. சேகலை அமெரிக்காவுக்கு மாற்றினார்கள். சேகல் என்ன செய்தார் தெரியுமா? கடைசியாகக் கொஞ்சம் மருந்து தயாரித்தார். வீட்டுக்கு எடுத்துப் போனார். சாப்பாட்டுப் பொருள்கள் இருக்கும் ஐஸ் பெட்டியில் வைத்தார். "தின்னாதே!" என்று மேலே எழுதி ஒட்டினார். வீடு மாறியபோது அந்த ஐஸ் பெட்டியும் அவரோடு எல்லை தாண்டிப் போயிற்று.

சில ஆண்டுகள் சென்றன. கம்பெனிக்குப் புதிய நிர்வாகம் வந்தது. சேகல் போய் வாதாடினார். மறுபடி வேலை தொடங்கியது. 1999-ல், மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு ஏற்றுக்கொள்வதற்கான மருந்தாக அமெரிக்க சர்க்கார் அதற்கு அனுமதி கொடுத்தது.

கம்பெனிச் சட்டப்படி பார்த்தால் சேகல் செய்தது சரியா என்று சிலர் கேட்கலாம். அந்தக் குப்பியைக் குப்பையில் கொட்டியிருந்தால் எத்தனை பேருடைய நெஞ்சு மீண்டும் அடைத்திருக்கும் என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

ஒருவருக்குக்கூட அடைக்கவில்லை!

சதை வளர்வதைத் தடுக்கிற மருந்து. அதைக் கம்பியில் பூசினால்? பூசினார்கள். உலோகத்தின் மேல் பிசின் போன்ற ஒரு பொருளில் மருந்தைக் கலந்து தடவினார்கள். பிசினில் இருந்து மருந்து மெல்ல மெல்லக் கசிந்து குழாய்ச் சுவருக்குள் இறங்கும். ஒரு ஸ்டென்டில் இருக்கும் மருந்து உப்புக்கல் அளவுகூட வராது.

1999 டிசம்பரில், பிரேசில் நாட்டில் சாவோ பாலோ நகரில் எட்வர்டோ சோசா என்ற டாக்டர் இதை முதன்முதலாக மனிதருக்கு வைத்தார். பிறகு 238 பேரை வைத்து ஒரு பரிசோதனை நடந்தது. பாதிப் பேருக்கு வெறும் கம்பி. பாதிப் பேருக்கு மருந்துக் கம்பி. 6 மாதம் கழித்துப் பார்த்தார்கள். வெறும் கம்பி வைத்தவர்களில் 100-க்கு 26 பேருக்கு மீண்டும் அடைப்பு. மருந்துக் கம்பி வைத்தவர்களில் ஒருவருக்குக்கூட இல்லை! அதைவிடப் பெரிய பரிசோதனையில் 100-க்கு சுமார் 9 பேருக்கு வந்தது. அதுவும் பெரிய முன்னேற்றம்தான்.

2003 ஏப்ரலில் அமெரிக்கா இந்த ஸ்டென்டுக்கு அனுமதி கொடுத்தது. அதைக் காண சேகல் இல்லை. அதே ஆண்டு ஜனவரியில் அவர் இறந்துவிட்டார்.

அடுத்த ஆண்டு வேறு ஒரு மருந்து பூசிய ஸ்டென்ட் அமெரிக்காவுக்கு வந்தது. அது அமெரிக்கக் காட்டு மரம் ஒன்றின் பட்டையில் கிடைத்த புற்றுநோய் மருந்து. அதைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவர் மகாராஷ்டிரத்தில் பிறந்த மன்சுக் வாணி. ஆக, இரண்டு மருந்துகளிலும் இந்தியர் கை இருக்கிறது. இப்போது இருதயத்தில் வைக்கும் ஸ்டென்டுகளில் பெரும்பாலும் இருப்பது ஈஸ்டர் தீவு மருந்தும் அதன் தம்பிமார்களும்தான்.

2006-ல் அதிர்ச்சி

கொண்டாட்டம் மூன்று ஆண்டுதான் நீடித்தது. 2006-ம் ஆண்டு, ஸ்பெயினில் பார்சிலோனா நகரில் இருதய டாக்டர்கள் மாநாடு. மருந்து ஸ்டென்ட் வைத்தவர்களில் சிலருக்கு, ஓர் ஆண்டு கழிந்த பிறகும் அந்த இடத்தில் திடீரென்று ரத்தம் உறைகிறது என்று அங்கே சொன்னார்கள். எண்ணிக்கை குறைவு. ஆனால், வந்தால் உயிருக்கே ஆபத்து.

காரணம் என்ன? மருந்து வேண்டாத சதையை வளரவிடாமல் தடுக்கிறது அல்லவா? வேண்டிய தோலையும் அதுவே தாமதப்படுத்துகிறது. ரத்தக்குழாயின் உள்பக்கத்தில் மெல்லிய தோல் உண்டு. அது கம்பியின் மேல் படர்ந்து மூடிவிட்டால் ரத்தத்துக்குக் கம்பி தெரியாது. மூடாதவரை கம்பி வெளியே தெரிகிறது. அன்னியப் பொருளைக் கண்டால் ரத்தம் உறையும். அது அதன் குணம்.

டாக்டர்கள் கம்பியை மெலிதாக்கினார்கள். பூச்சை மாற்றினார்கள். பழைய கம்பியின் கனத்தில் பாதிதான் புதிய ரகங்களின் கனம். தலைமுடி அளவு! இதனால் ஆபத்து வெகுவாகக் குறைந்தது. ஆனால் அடியோடு போய்விடவில்லை. தானே கரைந்து போகும் ஸ்டென்ட் என்று ஒன்றும் வந்தது. அதில் ரத்தம் உறைவது அதிகமாக இருந்ததால், 2017-ல் அதன் விற்பனையை நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு மாத்திரை

கம்பியின் மேல் தோல் படரும்வரை ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் இரண்டு மாத்திரை. ஒன்று ஆஸ்பிரின். மற்றொன்று குளோபிடோகிரெல் அல்லது அதே வேலை செய்யும் வேறு மாத்திரை. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவருக்குப் பொதுவாக ஓர் ஆண்டு இரண்டும். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் 6 மாதம். ரத்தக் கசிவு நோய் உள்ளவர்களுக்கு டாக்டர் குறைத்துச் சொல்வார். அதன் பிறகும் ஒரு மாத்திரை தொடர்ந்து உண்டு.

சங்கடம் இங்கேதான் வருகிறது. நெஞ்சு வலி போய்விடுகிறது. ஆள் நன்றாக நடக்கிறார். "உடம்பு நல்லாத்தானே இருக்கு, எதுக்கு இத்தனை மாத்திரை?" என்கிறார். கையில் பணம் இல்லாத மாதம், மாத்திரைதான் முதலில் நிற்கிறது. கோவிலுக்கு ஊர்ப்பயணம் போனால் மாத்திரைப் பை வீட்டில் தங்கிவிடுகிறது. வயிற்றை எரிக்கிறது என்று சிலர் தாமாகவே விட்டுவிடுகிறார்கள். டாக்டரிடம் சொன்னால் வயிற்று எரிச்சலுக்கு மாற்று உண்டு.

குற்றம் முழுவதும் நோயாளி மேல் அல்ல. ஆபரேஷனுக்கு முன்பு பக்கம் பக்கமாக இங்கிலீஷ் காகிதத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரையைப் பற்றி அரை நிமிஷம் பேசுகிறார்கள். அதுவும் ஆஸ்பத்திரிக் கணக்கைக் கட்டிவிட்டு, ஆட்டோவைப் பிடிக்க அவசரப்படும் நேரத்தில்! எந்த மாத்திரை, எந்தத் தேதிவரை, நிறுத்தினால் என்ன ஆகும் என்று ஓர் அட்டையில் பெரிய தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுக்க எவ்வளவு செலவு ஆகிவிடும்? எழுத்துக் கூட்டிப் படிக்கும் பாட்டிக்கும் அது புரிய வேண்டும். லட்ச ரூபாய்ச் சிகிச்சையை ஓர் அட்டை காப்பாற்றும் என்றால், அந்த அட்டையைக் கட்டாயம் ஆக்க சர்க்கார் யோசிக்க வேண்டியதே இல்லை.

விலை இறங்கிய கதை

விலை விஷயத்தில் சர்க்கார் துணிந்து செயல்பட்டது. 2017 பிப்ரவரிக்கு முன்பு மருந்து ஸ்டென்டின் சராசரி விலை 1 லட்சத்து 21 ஆயிரம் ரூபாய். ஆஸ்பத்திரிகள் எடுத்த லாபம் சில இடங்களில் 654 சதவீதம்வரை போனதாக, தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையமே கணக்கு வெளியிட்டது. டெல்லி ஐகோர்ட்டில் வழக்கறிஞர் ஒருவர் தொடுத்த பொதுநல வழக்குதான் இந்த விவகாரத்தைக் கிளப்பியது.

2017 பிப்ரவரி 13-ந் தேதி ஆணையம் உச்ச விலை விதித்தது. மருந்து ஸ்டென்ட் 29 ஆயிரத்து 600 ரூபாய். வெறும் கம்பி 7 ஆயிரத்து 260 ரூபாய். வரி தனி. அதன் பிறகு மொத்த விலைக் குறியீட்டை ஒட்டித் தொகை மாறி வருகிறது. உச்ச வரம்பு நீங்கவில்லை.

"நல்ல சரக்கு இனி இந்தியாவுக்கு வராது" என்று கூக்குரல் எழுந்தது. சில அயல்நாட்டுக் கம்பெனிகள் தங்கள் புதிய ரகங்களைத் திரும்பப் பெற அனுமதி கேட்டன. பயந்தபடி நடக்கவில்லை. வைரம் பட்டை தீட்டும் சூரத் நகரில், வைரத்துக்கு லேசர் இயந்திரம் செய்து பழகிய கைகள் ஸ்டென்டும் செய்கின்றன. அங்கே செய்த ஒரு ஸ்டென்டை, ஐரோப்பாவில் 1,435 நோயாளிகளை வைத்து, பேர்பெற்ற அயல்நாட்டு ஸ்டென்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சளைக்கவில்லை என்று 2019-ல் முடிவு வந்தது.

ஆனால், ஸ்டென்டுக்குத்தான் உச்ச விலை. அறை வாடகை, டாக்டர் கட்டணம், பலூன், குழாய் எல்லாம் சேர்ந்த மொத்தக் கணக்குக்கு அது கிடையாது. ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் உப்புகிறது! ஸ்டென்டின் பெயரையும் விலையையும் ரசீதில் தனியாகக் காட்ட வேண்டும் என்பது 2017 உத்தரவிலேயே இருக்கிறது. கேட்டு வாங்குவது குடும்பத்தாரின் உரிமை. தமிழ்நாட்டில் முதல்-அமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்களுக்கு, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் இந்தச் சிகிச்சை உண்டு.

எல்லோருக்கும் வேண்டுமா?

மாரடைப்பு வந்துகொண்டிருக்கும் ஆளுக்கு ஸ்டென்ட் உயிர் காக்கும். ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. அதில் யோசிக்க இடமே இல்லை. தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2023 ஜூன் முதல் "இதயம் காப்போம்" திட்டத்தில் முதல் வேளை மாத்திரைகளை உடனே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். நெஞ்சு வலியை வாயு என்று நினைத்துச் சுக்குக் கஷாயம் வைத்துக்கொண்டு இருக்கக்கூடாது.

மாரடைப்பு இல்லாமல், நடந்தால் மட்டும் வலிக்கிறவர் விஷயம் வேறு. 37 நாடுகளில் 5,179 பேரை வைத்து ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. இந்தியாவும் அதில் சேர்ந்தது. அப்படிப்பட்ட நோயாளிகளுக்கு மருந்து மட்டும் கொடுத்தாலும், மருந்தோடு ஸ்டென்டோ பைபாஸோ செய்தாலும், சாவின் எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை என்று 2019-ல் அறிவித்தார்கள். வலி குறைவதில் ஸ்டென்டும் பைபாஸும் முந்தின. ஆகவே ஆஞ்சியோகிராம் மேஜையில் படுத்திருக்கும்போதே "70 சதவீதம் அடைப்பு, இப்போதே வைத்துவிடலாமா?" என்று வெளியே நிற்கும் மனைவியிடம் கேட்டால், அவர் திருப்பிக் கேட்கலாம்: "இது அவசரமா டாக்டர்? மருந்தில் பார்க்க முடியாதா?" நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது என்றால் அதன் பெயர், அளவு, வைத்த தேதி அடங்கிய சீட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். எந்த டாக்டரிடம் போனாலும் அதைக் காட்ட வேண்டும். பல் டாக்டரிடமும்தான். அவர் "மாத்திரையை நாலு நாள் நிறுத்திவிட்டு வாருங்கள்" என்று சொன்னால், இருதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்ட பிறகே பல்லைப் பிடுங்க வேண்டும்.